வெள்ளிக்கிழமை துடைத்த புள்ளிகள்

தோஹாவில் பெரிய மாடி வீடுகளின் கதவுகள் எனக்குத் திறப்பது கரப்பான் பூச்சியின் தயவில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை இங்கே நிபுணன் என்று அனுப்புகிறார்கள்; போவது மட்டும் சாமான் ஏற்றும் லிஃப்டில்.

இங்குள்ள சின்னக் கரப்பானுக்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். அது ஜெர்மனியில் தோன்றியதல்ல என்றார் பயிற்சி கொடுத்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கையில், எங்கள் பதுளையில், எங்களை இந்தியத் தமிழர் என்று எழுதுகிறார்கள். இந்தியாவை நான் விமான ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். தாய்க் கரப்பான் முப்பது நாற்பது குஞ்சுகள் கொண்ட முட்டைப்பையைப் பொரியும் காலம்வரை சுமந்தே அலையும். ஸ்பிரே அடித்தால் சிதறி அடுத்த சுவருக்குள் ஓடும். ஆகவே ஜெல் மருந்தை மிளகளவு புள்ளிகளாக வைப்போம். தின்றது பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்று மற்றவையும் சாகும்.

ஒரு வீட்டில் மட்டும் சாகவில்லை. இரண்டு முறை புகார். மூன்றாவது வந்தால் ஊருக்கு டிக்கெட் என்றார் மேற்பார்வையாளர். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் சமையலறைச் சுவர் பளபளக்கிறது, ஒரு புள்ளி இல்லை. போன லீவில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நான் வைத்த புள்ளிகளை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் அழுக்கென்று துடைத்தெடுத்த என் மனைவி நினைவுக்கு வந்தாள். இவளும் நம்மவளாக இருக்குமோ என்று பணிப்பெண்ணிடம் தமிழிலேயே கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை தொடைச்சீங்களாம்மா?"

"வெள்ளியும் அதுவுமா அடுப்படியில அழுக்கு இருக்கலாமாங்க?" என்றவள் திடுக்கிட்டாள். "எந்தத் தோட்டம்ண்ணே?"

"பூனாகலை."

"நான் பசற. கரப்பான் புடிக்கவா கடல் தாண்டி வந்தீங்க? நம்ம லயத்துல இல்லாததா?"

வீட்டு அம்மா வந்தார். "மெடிசின் நோ குட்?"

பசறைக்காரி துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் என்னுடையது.

"மை மிஸ்டேக், மேடம். ஒன் வீக்."

"இந்தியன்?" என்றார். மறுக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை; தலையாட்டினேன்.

துணி எட்டாத இடமாகப் பார்த்து, கதவுக் கீல்களிலும் ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னாலும் வைத்தேன்.

"ஒங்கள அனுப்பிட்டா என்னண்ணே செய்வீங்க?"

"ஊருக்குப் போயி எம் பொண்டாட்டி கையிலருந்து துணிய புடுங்குவேன்."

மூன்றாவது புகார் வரவில்லை. நான் விட்டுவந்த டியூபிலிருந்து மனைவியும் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாள். "சாமிக்கு முன்னால அசிங்கமாத்தான் நிக்குது. ஆனா ஒரு கரப்பான் இல்லங்க" என்றாள் போனில்.

இரண்டு அடுப்படிகள் சுத்தமாகிவிட்டன. இரண்டிலும் எனக்குச் சோறில்லை. நான் உண்டு உறங்கும் தொழிலாளர் முகாமில் மருந்து வைப்பதில்லை, அது வாடிக்கையாளர்களுக்கு மட்டும். என் பெட்டிக்கடியில் ஒன்று, முட்டைப்பையைச் சுமந்தபடி, இறக்கிவைக்க இடம் தேடி நடந்துகொண்டிருக்கிறது.