ரம்புட்டானில் பழகிய சவரக்கத்தி

தாடி வைக்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அது என் மாமியாரின் தாடி. வளர்ந்தது மட்டும்தான் என் முகத்தில்.

தொண்ணூறுகளின் நடுவில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் மனைவி பால் வெட்டப் போவாள். எனக்கு ஸ்டோரில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் அறையில் வேலை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே மாமியார் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, என் சவரச் சாமான்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, சாமிப் படத்துக்குப் பின்னால் தூக்கி வைத்துவிட்டாள்.

"புள்ள பொறக்குற வரைக்கும் மயிர்ல கத்தி படக் கூடாது மாப்ள. வயித்துல இருக்குறதுக்கு ஆகாது."

அந்தக் காலத்தில் நான் எதையும் நம்பாதவன் என்று பெயர் எடுத்து வைத்திருந்தேன். வாசிகசாலையில் உட்கார்ந்து சாத்திரம், சகுனம் எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுவேன். ஆனால் வாசிகசாலையில் மாமியார் உட்கார்ந்திருப்பதில்லை. "சரிங்க அத்தை" என்றுதான் வாயில் வந்தது.

தாடி வளர்ந்தது. புகை அறையில் நாள் முழுக்க நிற்கிறவனின் தாடி எப்படி மணக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாற்றம் பட்டாலே என் மனைவிக்குக் குமட்டியது. அவளுக்காக வளர்த்த தாடியைக் கண்டு அவளே வாந்தி எடுத்தாள்.

"ஏங்க, அத கழட்டி வெளிய வச்சிட்டு வந்து படுங்க," என்பாள்.

பிறகு ஒருநாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "புள்ள பொறந்ததும் உங்க மொகத்த பாக்கணும், இந்தக் கரடிய இல்ல. அன்னைக்கே வழிச்சிட்டு வந்துருங்க, என்ன?" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

சத்தியம் செய்த பிறகுதான் யோசித்தேன். டின்னுக்குள் இருந்த பிளாஸ்டிக் ரேசர் இந்தக் காட்டுக்குள் போனால் திரும்பி வராது. சலூன்காரர் கையில் பார்த்திருக்கிறேனே, மடக்கிய கத்தி, அதை விரித்து ஒரே இழுப்பில் கன்னத்தை வெள்ளையாக்குவாரே, அப்படி ஒன்று வேண்டும். ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய், பிள்ளை பிறந்தது என்று சொன்ன உடனே குழாயடியில் நின்று வழித்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். தகப்பனாகப் போகிறவனுக்கு அதுதான் லட்சணம் என்று தோன்றியது.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போனேன். கத்தி, கத்தரிக்கோல், பூட்டு எல்லாம் விற்கும் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று சவரக்கத்திகள் இருந்தன. கடை முதலாளி மூன்றையும் எடுத்துத் துணி மேல் பரப்பினார்.

"தம்பி புதுசா பழகப் போறீங்களா, பழைய கையா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடைக்குள் நாலு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தோட்டத்துக்காரர்கள்.

"பழைய கைதான். வீட்டுல ரெண்டு கெடக்கு," என்றேன்.

"அப்ப இது உங்களுக்குச் சரிவராது," என்று ஒன்றை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். "பிளேட்ட பாதியா ஒடச்சு உள்ள சொருகுற சாமான். தீட்டத் தேவல்ல, ஒண்ணும் தேவல்ல. பழகுறவங்களுக்கு மட்டுந்தான்."

எனக்கு வேண்டியது அதுதான். லாச்சி மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிச்சம் இரண்டு. ஒன்றின் முனை உருண்டை, மற்றதின் முனை சதுரமாகக் கூராக இருந்தது. உருண்டை முனை சாது, கை தவறினாலும் கிழிக்காது என்றார். கூர் முனை மீசை ஒதுக்குகிற பெரிய கைகளுக்காம். இரண்டையும் தன் முன்கையில் இழுத்துக் காட்டினார். அந்தக் கையில் முழங்கை வரைக்கும் ஒரு மயிர் கிடையாது. ஆள் வராத நாட்களிலும் தனக்குத் தானே செய்து காட்டிக்கொள்வார் போலிருக்கிறது.

"வீட்டுல கல்லு இருக்கா? தீட்டுற தோல் பட்டி இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

கல் என்பது மனைவியின் பால்வெட்டுக் கத்தி தீட்டுகிற கல். தோல் பட்டி என்பது நான் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட். நான் இரண்டு கத்தியையும் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தேன், முகத்தைச் சுளித்தேன், வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. பெரிய கை என்று சொன்ன பிறகு உருண்டை முனையை வாங்க முடியுமா? கூர் முனையை, அதுவும் கனமானதை, வாங்கிக்கொண்டு வந்தேன். கனம் இருந்தால் தானாகவே இறங்கும் என்று ஒரு கணக்கு.

அன்று பின்னேரமே பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டித் தீட்டினேன். மூன்றாவது இழுப்பில் பெல்ட் இரண்டாகிவிட்டது. என் மனைவி கத்தியை வாங்கிப் பெருவிரலால் தடவினாள். "பெல்ட்டு போச்சு, ஆனா மயிரு வெட்டாதுங்க," என்றாள். விடியற்காலையில் எழுந்து தினமும் கத்தி தீட்டுகிறவள். அவளே கல்லில் வைத்து ஒரு கூர் ஏற்றித் தந்தாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் புரிந்தது. கத்தி பழகுகிறவன் தன் முகத்தில்தான் பழகவேண்டும். என் முகத்திலோ கத்தி படக் கூடாது. லயத்தில் எவனும் தன் கன்னத்தைத் தருவதாக இல்லை. கேட்டுப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நல்லவேளையாக அது ரம்புட்டான் காலம். லயத்துக்குப் பின்னால் இருந்த மரம் சிவப்பாகக் காய்த்துத் தொங்கியது. உருண்டையான, மயிர் முளைத்த சாமான் வேறு எங்கே கிடைக்கும்? ஒரு பழத்தை எடுத்துச் சோப்பு நுரை தடவினேன், தாடையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன், இழுத்தேன். முதல் பழம் பிளந்து என் மடியில் விழுந்தது. ஒரு வாரத்தில் தோல் கிழியாமல் மயிரை மட்டும் எடுக்கப் பழகிவிட்டேன். கிழிந்த பழங்களை எல்லாம் மனைவி கழுவித் தின்றாள். ஒருநாள் மாமியார் வந்து, கூடை நிறைய மொட்டையடித்த ரம்புட்டானைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ளைக்கு ராவுல தூக்கம் வருதா?" என்று விசாரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மனைவிக்கு வலி வந்த அன்று நான் ஸ்டோரில் இருந்தேன். தோட்ட லொறியில் மாமியாரோடு அவளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னபோது மத்தியானம். வீட்டுக்கு ஓடி பிளாஸ்க்கையும் துணிகளையும் பையில் திணித்தேன். சவரக்கத்தியைப் பிள்ளைத் துணி ஒன்றில் பத்திரமாகச் சுற்றி அடியில் வைத்தேன். பஸ் ஏறினேன்.

பாலத்துக்கு இப்பால் சோதனைச் சாவடி, யுத்த காலம். எல்லோரையும் இறக்கினார்கள். தாடி வளர்ந்த பிறகு பஜாரோடு சரி, நான் அந்தப் பாலத்துப் பக்கம் போனதே இல்லை. சார்ஜன்ட் என் அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் பள்ளிக்கூடம் விட்ட வயதுப் பையன் ஒருவன் மழமழ என்ற முகத்தோடு இருந்தான்.

"மே கவுத?" என்றார். இது யார் என்று கேட்கிறார்.

"மமய், சேர்," என்றேன். நான்தான் என்று.

பிறகு பையைத் திறந்தார். பிள்ளைத் துணியைப் பிரித்தார். கத்தி பளபளவென்று வெளியே வந்தது. மனைவி தீட்டிய கூர் அப்படி.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் ஒன்றும் விடாமல் விளக்கினேன். மனைவி கர்ப்பம், அதனால் எனக்குத் தாடி, தாடியை வழிக்கக் கத்தி, ஆனால் இப்போது வழிக்க முடியாது, பிறந்த பிறகுதான். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. சார்ஜன்ட் இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டு, "மறுபடியும் சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. டிரைவர் ஹோர்ன் அடித்தான். அதை விட்டால் அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"கத்தியும் இருக்கு, தாடியும் இருக்கு. வழிச்சுக் காட்டு, பார்ப்போம். இல்லையென்றால் ஆபீசிலிருந்து பதில் வரும்வரை உட்கார்," என்றார் சிங்களத்தில்.

எதையும் நம்பாத நான் என்ன செய்திருக்கவேண்டும்? உடனே வழித்திருக்கவேண்டும். செய்யவில்லை. இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் அவள் கிடக்கிறாள், இங்கே நான் கத்தி வைத்து அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? அப்படி ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். போகாமல் இருக்கவும் முடியாது.

"சேர், ஒரு பக்கம் மட்டும் வழிச்சா போதுமா?" என்று கேட்டேன். பாதிக் குற்றத்துக்குப் பாதித் தண்டனைதானே இருக்கும் என்று புத்தி அப்படிப் பேரம் பேசியது.

சார்ஜன்ட் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். தன் தகரக் கோப்பையில் தண்ணீரும் தந்தார். பஸ்ஸில் வந்த ஒரு சிங்கள அம்மா கூடையிலிருந்து புதுச் சோப்பு ஒன்றை உடைத்துக் கொடுத்தாள். பஸ்ஸின் பக்கக் கண்ணாடிதான் எனக்குக் கண்ணாடி. பிரயாணிகள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மேலிருந்து கீழே இழு என்றான் ஒருவன், தோலை இழுத்துப் பிடி என்றான் இன்னொருவன். நான் கன்னத்தை ரம்புட்டான் என்று நினைத்துக்கொண்டேன். 'கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி' என்று பிள்ளைக்கு மனசுக்குள் சொல்லிவிட்டு இழுத்தேன்.

மோசம் இல்லை. கூர் முனை காது மடலில் பட்டு ரத்தம் வந்தபோது கூட்டம் மொத்தமாக "அய்யோ" என்றது. உருண்டை முனையை வாங்கியிருக்கலாம். இடது பக்கம் வெளுத்ததும் சார்ஜன்ட் கிட்டே வந்து, தாடி இருந்த பக்கத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்து, அடையாள அட்டையைக் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார். பையன் கிடைத்துவிட்டான்.

"யன்ன, யன்ன," என்று பஸ்ஸைக் காட்டினார். கத்தியை அவரே பிள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். நான் வழித்த பக்கத்தைத் துவாயால் பொத்திக்கொண்டு போனேன்.

"பல்லு வலியா மாப்ள?"

"ஆமாங்க அத்தை. புள்ள பொறந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

துவாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வேகமாக வெளியே வந்து, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது, டொக்டரைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. மாமியார் வாய்க்குள் சாமி பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துவாயை எடுத்துவிட்டு, நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன்.

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. என் முகத்தையும் காதில் காய்ந்த ரத்தத்தையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மிச்சமிருந்த பாதித் தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"இத விட்டுறாதீங்க," என்றாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் பிடித்த பிடியில் எனக்குக் கண்ணீர் வந்தது. வலியாலா பயத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். விளக்குப் போடுகிற நேரத்தில் உள்ளே இருந்து சத்தம் கேட்டது. முதலில் மெல்லிசாக, பிறகு வார்டே அதிரும்படி. அதற்குப் பிறகுதான் மாமியார் கையை எடுத்தாள்.

பெண் பிள்ளை. என் மனைவி களைத்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது என்னங்க கோலம்?"

"பாதி உனக்கு, பாதி உங்கம்மாவுக்கு," என்றேன். சிரிக்கப் போய் வலியில் முனகினாள். பிள்ளையைச் சுமந்துகொண்டு நின்ற நர்ஸ் எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் நின்றாள். நான் இடது கன்னத்தைத் திருப்பினேன்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அதே பாலம், அதே சார்ஜன்ட். பிள்ளைக்காரி இறங்க வேண்டாம் என்று அவரே பஸ்ஸுக்குள் ஏறி வந்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பிள்ளைதான் பிறந்துவிட்டதே. மற்றப் பக்கத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்?"

"மாமியார் இன்னும் அனுமதி தரல்ல, சேர்," என்றேன்.

சார்ஜன்ட் மாமியாரைப் பார்த்தார். மாமியார் சார்ஜன்ட்டைப் பார்த்தாள். அவர் இறங்கிப் போய், பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பாலம் தாண்டியதும் மாமியார் என் பக்கம் திரும்பினாள். "நான்தான் காலையிலேயே வழிச்சிருங்கன்னு சொல்லிட்டேனே மாப்ள? எம் மேல எதுக்கு பழிய போடுறீங்க?"

பிள்ளை என் மடியில் கிடந்தது, மூச்சு விடுவது தெரிந்தது. அதன் தொப்புள் காயும் வரைக்கும் அந்தப் பாதித் தாடியில் நான் கை வைக்கவில்லை.