சீடியில் இல்லாத பெயர்

அன்ரன் போய்விட்டான். செவ்வாய் காலை, வட லண்டன் எட்மண்டனில் அவனுடைய பிளாட்டில்... மாரடைப்பு.

செய்தி வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இந்தப் பதிவையே நாலு தரம் எழுதி அழித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: அன்ரன் ஒரு கவுண்டர்டெனர். ஆண்தான், ஆனால் பெண்கள் பாடும் உயரத்தில் பாடுவான். முந்நூறு வருடப் பழைய ஓபராக்களில் அரசனுக்கும் தளபதிக்கும் அந்தக் குரலில்தான் பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இருபத்தைந்து வருடம் அதுதான் அவன் தொழில். லண்டன், ஜெர்மனி, பிரான்ஸ்... கோடையில் ஓபரா, குளிருக்குள் தேவாலயக் கச்சேரிகள், ஒன்றும் கிடைக்காத மாதங்களில் வீட்டில் வகுப்பு.

பேசும்போது தடித்த குரல். போனில் "அண்ணை, நான் அன்ரன்" என்றால் லொறி ஸ்டார்ட் ஆவது போல இருக்கும்.

எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைப் பாடற்குழுவை நடத்தியது நான். ஒருநாள் பயிற்சிக்கு மேல்குரல் பாடும் இரண்டு பெண்கள் வரவில்லை. "நான் பாடுறன் அண்ணை" என்று தொடங்கினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு, சனத்துக்குத் தெரியாதபடி, அவனைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். அங்கேதான் மைக் நன்றாக எடுக்கும் என்று ஒரு பொய் சொன்னேன். அவனுக்கா மைக்கைப் பற்றித் தெரியாது... போய் நின்றான்.

கச்சேரிக்கு முதல் நாள் எண்ணெய்ப் பண்டம் தொடமாட்டான். வடை வேண்டாம் என்று சொல்லி நான் கண்ட ஒரே யாழ்ப்பாணத்தான். பூசை முடிந்து நாங்கள் சாப்பிட, அவன் சுடுதண்ணிப் போத்தலோடு மூலையில் நிற்பான்.

ஓபராவுக்கு ஒரு முறை போனேன். தங்கக் கவசம், வாள், பின்னால் இருபது படைவீரர்... வாயைத் திறந்தான், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அரை நிமிடம்தான். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இடைவேளை வரை கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தேன்.

என் பக்கத்து இருக்கை காலி. முடிந்து வெளியே வந்தவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பா வந்தவரே?"

லண்டனில் பாடும் ஒவ்வொரு ஓபராவுக்கும் அப்பாவுக்கு ஒரு ரிக்கெற் அனுப்புவான். அவர் இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து நேரே ஒரு ரயில். அன்ரனின் ஐயா ஒருநாளும் வரவில்லை.

"ஆம்பிளைப் பிள்ளை பொம்பிளைக் குரலில பாடுறதை நான் என்னெண்டு இருந்து கேக்கிறது?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். வீட்டில் மகன் பயிற்சி எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாராம்.

சரி... சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தவக்காலப் பாட்டுகள் சீடி ஒன்று போட்டோம். அதில் மாதா இறந்த மகனை மடியில் வைத்து அழும் ஒப்பாரி ஒன்று இருக்கிறது. நம்முடைய செத்தவீடுகளில் உடலைப் பார்வைக்கு வைக்கும்போது போடுகிறீர்களே, அதேதான். அதைப் பாடியது அன்ரன். ஒரே டேக்.

அட்டையில் பெயர் போடும்போது நான் பயந்துவிட்டேன். 'பாடியவர்கள்: மகளிர் குழு' என்று அச்சடித்தேன். குழுவில் இருந்த அக்காமாருக்கும் தெரியும், ஆளுக்காள் சும்மா இருந்துவிட்டோம்.

அன்ரன் அட்டையைப் பார்த்துச் சிரித்தான். "பரவாயில்லை அண்ணை. அங்க நான் ராசா, இங்க மகளிர்."

அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன் என்றேன். அடுத்த பதிப்பு வரவே இல்லை. எல்லோரும் வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

அவனுடைய அம்மாவின் செத்தவீட்டிலும் அதுதான் போனது. ஐயாவே கேட்டுப் போடச் சொன்னார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "ஆரோ பெத்த பிள்ளை, என்னமாப் பாடுது" என்றார்.

அன்ரன் அவருக்குப் பக்கத்தில் நின்றான். நான் வாயெடுக்க, என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான், வேண்டாமென்று.

பிறகு கார் பார்க்கில் சொன்னான். "சொன்னா அதையும் நிப்பாட்டிப் போடுவார் அண்ணை. இப்பிடியாவது கேக்கட்டும்."

நேற்று ஐயா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, சனிக்கிழமை அன்ரன்ர செத்தவீட்டிலும் அந்தப் பிள்ளை பாடினதைப் போடும்."

ஓம் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு கிச்சனுக்கும் வாசலுக்கும் நடை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

இன்று காலை ஐயா வீட்டுக்கு ரயில் ஏறினேன், பாதியில் இறங்கித் திரும்பினேன், பிறகும் ஏறினேன். போய் அவர் முன்னால் இருந்து சொல்லிவிட்டேன். அது அன்ரன்தான் ஐயா.

பாட்டைப் போனில் போடச் சொன்னார். தொடக்கத்திலிருந்து கடைசி வரை கேட்டார். எனக்கு வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"பேர் ஏன் போடேல்லை?"

"பயந்திட்டன் ஐயா."

"ஆருக்கு?"

ஆறின தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "சனிக்கிழமை முதல்ல அவன்ர பேரைச் சொல்லும். பிறகு பாட்டைப் போடும்."

அந்த ஒப்பாரி உங்கள் போனிலும் இருக்கும். 'மகளிர் குழு' என்று இருப்பதை அழித்துவிட்டு அன்ரன் என்று எழுதிவிடுங்கள். இது என் பிழை, வேறு ஒருவருடையதும் இல்லை.

போய் வா, அன்ரன். சனிக்கிழமை உனக்கு முன்னால் தூண் இல்லை.