பக்கமலை ஓடையில் ஒரு பகல்

என் அண்ணன் காணாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு புகை கக்கி ஓடின. செஞ்சியில் ஓடிய அப்படியொரு பஸ்ஸுக்குக் கரி பிடித்துக் கொடுப்பது அண்ணனின் வேலை. பக்கமலைக் காட்டில் வாங்கி வைத்திருந்த கரி நனைந்துவிட்டதா என்று பார்த்து வருவதாகச் சொல்லி, ஐப்பசி மழையில் ஒரு காலை கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. அடிவாரம் முழுக்கத் தேடினோம். ஓடைகளில் வெள்ளம், உள்ளே கால் வைக்க முடியவில்லை. போலீசாரும் கையை விரித்துவிட்டார்கள். பட்டாளத்துக்கு மும்முரமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. சொல்லாமல் கொள்ளாமல் அதில் சேர்ந்திருப்பான் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அம்மா அந்த நாலு பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் பிறந்ததும் ஆத்துமாக்கள் திருநாள் வரும். வீட்டில் இறந்துபோனவர்களின் பெயர்களைக் கோயில் உபதேசியாரிடம் சொல்லி வைத்தால், அன்றைய பூசையில் வாசிப்பார்கள். அந்த வருஷம் அண்ணன் பெயரையும் சொல்லலாமா என்று உபதேசியாரே வீட்டுக்கு வந்து பக்குவமாகக் கேட்டார். அம்மா எழுந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கிற புள்ளைய செத்தவங்களோட சேத்து படிப்பீங்களா? அவுங்க நைனா பேர மட்டும் படிங்க, போதும்."

இப்படிச் சொன்னவள், தினமும் கடைசி பஸ் வரும் நேரத்துக்குக் கடைத்தெருவில் போய் நின்றாள். மழையிலும் நின்றாள். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் அண்ணாந்து பார்ப்பாள். பஸ் காலியானதும் வீட்டுக்கு வந்து, ஒரு வாய் சாப்பிடுவாள், மீதியைத் தள்ளிவிடுவாள். சேலைக்குள் ஆளே இல்லாததுபோல் இளைத்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இருக்கிறானா, இல்லையா, இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் பெயரைக் கொடுத்துவிட்டு, வாய்விட்டு அழுது, அவள் சோறு தின்னட்டும்.

கோடையில் இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து அனுப்பியிருந்தோம். ஓடை முழுக்கப் பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார்கள். முதல் அருவியையாவது தாண்டினார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். திருநாளுக்கு முந்தைய வாரம் மழை கொஞ்சம் விட்டது. நான் வேலை பார்த்த மல்லாட்டைக் கடலை மண்டியில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, விடியும் முன்பே தனியாகக் கிளம்பினேன். துணைக்கு யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆளுக்கொரு புத்தி சொல்லியிருப்பார்கள்.

காட்டின் வாசலில் ஓடை சாதுவாகத்தான் இருந்தது. கணுக்கால் தண்ணீர். அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்தேன். போகப் போக இரண்டு பக்கமும் பாறைகள் நெருங்கி வந்தன. வெயில் மேலேயே நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் என் காலடி எனக்கே கேட்கவில்லை. அதனால் பின்னால் யாரோ வந்தாலும் கேட்காது என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்த பிறகு திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். யாருமில்லை. ஆனாலும் முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

முதல் அருவி இரண்டு ஆள் உயரம். பக்கத்தில் ஆலம் வேர் ஒன்று பாறையைக் கவ்வி இறங்கியிருந்தது. அதைப் பிடித்து ஏறினேன். பாசி வழுக்கி முழங்காலைக் கிழித்தது. மேலே ஏறி நின்றபோது, சரிவுக்கு மேலே எங்கோ கோடரிச் சத்தம் கேட்டது. மனித வாடை கிடைத்ததும் எனக்கு உயிர் வந்தது. விறகு வெட்டுகிறவர்களிடம் கேட்கலாம். அதற்கு முன், எதற்காக வந்தேனோ அதைச் செய்தேன். இரண்டு கையையும் வாயருகே வைத்து, அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கோடரிச் சத்தம் நின்றது.

பாறைகள் அவன் பெயரை என்னிடமே திருப்பிக் கொடுத்தன. மறுபடியும் கத்தினேன். மறுபடியும் பாறைகள்தான் பேசின. காட்டு இலாகா ஆள் என்று நினைத்துப் பயந்துவிட்டார்களோ என்று, திருட்டு விறகைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்றுகூடக் கத்தினேன். சரிவில் ஏறிப் பார்த்தால் மூன்று கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கூழ்ப்பானை கொதித்துக்கொண்டிருந்தது. பாதி வெட்டிய மரம் அப்படியே நின்றது. ஆட்களைக் காணோம். பட்டப்பகலில், எரிகிற அடுப்பைப் போட்டுவிட்டு ஓட வைக்கும்படி நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? அண்ணன் பெயரை இன்னொரு தடவை சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"முட்டியில ரத்தம் வருது பாருய்யா. மனுசன்தான்."

ஓங்கிய கோடரியோடு ஒரு ஆள் மெல்ல வெளியே வந்தார். பின்னால் அவர் மனைவி. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முழங்காலையே பார்த்தார்கள்.

"நீதான் கத்துனியா சாமி? பேர் சொல்லி?"

"நான்தான். அதுக்கு ஏன் ஓடுனீங்க?"

அவர் கோடரியை இறக்கினார். "காட்டுல யாரும் யாரையும் பேர் சொல்லி கூப்டமாட்டோம். கூவுவோம். எதிர்க்கூவல் வரும். பேர் சொல்லி கூப்ட்டா அது மனுசன் இல்ல. பதில் குடுத்தா இழுத்துக்கும்."

"அதுவும் இந்த ஓடையில," என்றாள் அந்த அம்மாள். "இங்க ஒண்ணு கீது. போன வருசம் பெருமழையிலேர்ந்து கூப்டுது."

எங்கிருந்து என்று கேட்டேன். இரண்டாவது அருவிக்குக் கீழே ஒரு மடுவு இருக்கிறது, கிணறு மாதிரி, சறுக்கி விழலாம், ஏற முடியாது, அங்கிருந்துதான் என்றார்.

"மொதல்ல நல்லா சத்தமா கூப்ட்டுது. ராவும் பகலும். நாங்க காத பொத்திக்கினு அடிவாரத்துக்கே எறங்கிட்டோம். அப்புறம் வந்து கேட்டா, சன்னமா கேட்டுது. அப்புறம் நின்னுபோச்சு. இப்ப மழ வந்தா கேக்குது."

"இன்னா பேரு சொல்லிக் கூப்பிட்டுது?"

அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து சொன்னார்.

அது என் பெயர். ஞானஸ்நானப் பெயர்கூட இல்லை; நான் குழந்தையாக இருந்தபோது அண்ணன் எனக்கு வைத்த பெயர். எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. இந்த மனிதரிடம் நான் இன்னும் என் பெயர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அவர்கள் இருவரையும் அந்த மடுவில் பிடித்துத் தள்ள வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. "அது என் அண்ணன்யா! உசுரோட இருந்தவன்யா!" என்று கத்தினேன். அவர் அப்படியே குந்திவிட்டார். அந்த அம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "மனுசன்னு தெரிஞ்சா உட்டுருப்பமா சாமி? ஒரு தபா கூவியிருந்தா கவுறு போட்டு தூக்கியிருப்பமே," என்று அழுதாள். பொய்யில்லை, முகத்தில் தெரிந்தது. கடைத்தெருவில் பிறந்த அண்ணனுக்குக் கூவத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள்.

மடுவின் விளிம்புவரை என்னைக் கூட்டிப் போனார்கள். கீழே கறுப்புத் தண்ணீர். அருவி கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு துணிகூட இல்லை, ஒரு எலும்புகூட இல்லை. நான் குனிந்து, "அண்ணா, வந்துட்டேன்" என்றேன். அவர்கள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். போக வேண்டாம் என்று உட்கார வைத்தேன். பெயரைக் கொடுத்துவிடலாம் என்றேன். காட்டு ஆட்கள் அவன் குரலைக் கேட்டிருக்கிறார்கள், வெள்ளத்தில் கிட்டே போக முடியவில்லை, சீக்கிரமே முடிந்துவிட்டது என்றேன். அவள் அழவில்லை. நெடுநேரம் என் சட்டையிலிருந்த சேற்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைடா கூப்ட்டான்?" என்றாள்.

"உன்னத்தாம்மா." வேறு என்ன சொல்வேன்? அவளுக்கு அதையாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "என்னயா கூப்ட்டான்? அப்ப எனக்கு ஏன்டா கேக்கல?"

திருநாள் பூசையில் அவன் பெயரை வாசித்தார்கள். அம்மா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினாள், சோறும் தின்றாள். ஆனால் மழை பிடித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, பக்கமலை இருக்கும் திசைக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவாள். சாகும்வரை அப்படித்தான். பக்கத்தில் நானும் உட்காருவேன். அவள் தன்னைக் கூப்பிடுகிறானா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் என் பெயருக்குக் காத்திருப்பேன்.