நான் வைத்த பெயர்

செஞ்சி கடைவீதியில் பாதிப் பேர் நான் வைத்த பெயரில்தான் நடமாடுகிறார்கள். என் கடைக்கு எதிரே டீ போடுகிறவர் எதைக் கேட்டாலும் ‘ரெண்டு நிமிசம்’ என்பார். அவர் பெயரே ரெண்டு நிமிசம் ஆகிவிட்டது. முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாத உரக்கடைக்காரருக்குச் சிரிப்பு என்று பெயர். பதிலுக்கு அவர்கள் என்னை மூட்டை என்கிறார்கள். நான் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிறவன். சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் எது சரக்கு, எது முதலாளி என்று தெரியவில்லையாம். உண்மை கொஞ்சம் இருப்பதால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. என் மனைவிக்கு மட்டும் இதுவரை எந்தப் பெயரும் வைத்ததில்லை. மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். பயம்தான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செவலை நாய் திரிந்துகொண்டிருந்தது. பெட்டை. திருவண்ணாமலை போகும் எக்ஸ்பிரஸ் பஸ் கிளம்பினால் பின்னாலேயே கல்யாண மண்டபம் வரைக்கும் ஓடும். அங்கே நின்று, பஸ்ஸைப் பத்திரமாக ஊர் தாண்டி அனுப்பிவைத்த மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து திரும்பும். எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தேன். ஒரு வாரத்தில் கடைவீதி முழுக்க அந்தப் பெயர் ஓடியது.

பிறகு பஸ்ஸே தேவைப்படவில்லை. யாராவது ‘எக்ஸ்பிரஸ்’ என்று குரல் கொடுத்தால் போதும், படுத்திருந்த நாய் எழுந்து குரல் வந்த பக்கம் பாயும். ஒரு பிஸ்கெட் கிடைக்கும். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் டீக்கடைக்காரரும் நின்றுகொண்டு மாற்றி மாற்றிக் கூப்பிடுவோம். அதுவும் சலிக்காமல் ஓடும். எங்களுக்கும் சலித்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். பனமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் தார்ப்பாய் வாங்க வந்திருந்தார். நான் அளந்து மடித்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் கிளம்பியிருப்பார். “இருங்க, எங்க ஊரு எக்ஸ்பிரஸ்ஸ காட்றேன்” என்று நான்தான் நிறுத்தினேன். நாய் எதிர்ப்பக்கம் வேப்பமரத்து நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. பிஸ்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். ரோட்டைப் பார்க்காமல் கூப்பிட்டேன்.

நெல் மூட்டை ஏற்றிவந்த மினி லாரி. ஓட்டிவந்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நாய் செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது முன்னங்கால்களை ஊன்றி, பின்பாதியை இழுத்துக்கொண்டு, என் பக்கமே வந்தது. கூப்பிட்டவனிடம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். என் கையில் இன்னும் அந்த பிஸ்கெட் இருந்தது.

தார்ப்பாயில் படுக்கவைத்து கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டரம்மா முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, பின்னங்கால்கள் இனி வராது என்றார். வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் ஊசி போட்டுவிடலாம், அது கஷ்டப்படாது என்றும் சொன்னார். நான் வீட்டுக்கு போன் செய்தேன். நாய் என்றாலே புடவையை ஒதுக்கிக்கொண்டு நடக்கிறவள் என் மனைவி. “எடுத்துனு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

அடிபட்டது எப்படி என்று அவள் கேட்டாள். லாரி என்றேன். அது பொய் இல்லை.

எங்கள் வீட்டு முன்வாசல் சிமென்ட் தரை. அங்கே சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். தெருவில் போகிறவர்கள் இரும்பு கேட்டுக்கு வெளியே நின்று பாசமாக, “எக்ஸ்பிரஸ், எப்டி கீற” என்பார்கள். கேட்டதும் அது முன்னங்காலை ஊன்றி எழும்பும். எழும்பினால் இடுப்பு சிமென்டில் தேயும். ஆறப்போன புண் மறுபடி திறந்துகொள்ளும். ஒரு நாளைக்கு நாலு பேர் நலம் விசாரித்தால் நாலு தடவை ரத்தம்.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் கடுமையாகப் பேசினார். “புண்ணு மூடினாத்தான் பின்னங்காலுக்குப் பதிலா சக்கர வண்டி கட்ட முடியும். இப்டியே தேஞ்சினு இருந்தா சீழ் எலும்புல எறங்கிடும். அப்புறம் நான் அன்னைக்குச் சொன்ன ஊசிதான்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: “மொதல்ல அந்தப் பேர எடுங்க.”

“நீயே ஒண்ணு வெச்சிடேன்.”

“வெச்சது யாரு? நீங்கதான எடுக்கணும்.”

பெயர் வைப்பது எனக்கு ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன். “பாசஞ்சர். எக்ஸ்பிரஸ்தான் இப்ப பாசஞ்சர் ஆயிடுச்சே.” சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “அது காலப் பாக்காம ஒரு பேரு வெக்க வருமா உங்களுக்கு?”

இத்தனை வருஷத்தில் நான் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எல்லாமே யாரோ ஒருவரின் குறையைக் குறிபார்த்து வைத்தவை. நாய்க்கு வைத்தது ஒன்றுதான் அதன் திறமைக்காக வைத்தது. அதுதான் அதன் காலை எடுத்தது. அப்போதுதான் அவளிடம் சொன்னேன், லாரிக்கு முன்னால் நான் கூப்பிட்டதை, பிஸ்கெட்டை, எல்லாவற்றையும். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கடத் தெருல போயி சொல்லுங்க,” என்றாள். “சும்மா கூப்புடாதீங்கன்னா கேக்க மாட்டாங்க. ஏன்னு சொல்லுங்க.”

மறுநாள் காலை டீக்கடையில் சொன்னேன். உரக்கடைக்காரர் இருந்தார், கடைவீதிக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். “இனிமே அந்த நாய எக்ஸ்பிரஸ்னு யாரும் கூப்புடாதீங்க. கூப்ட்டா எழுந்துக்கப் பாக்குது, புண்ணு கிழியுது. அன்னைக்கும் நான் கூப்ட்டுத்தான் ரோட்டுக்கு வந்துச்சி. நான்தான் கூப்ட்டேன்.”

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பாதிச் சிரிப்பு. அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். இருபது வருஷமாக நான் பழக்கிவைத்தது அது. வரவில்லை என்றதும் ஒருவர், “சொல்லு மூட்ட, அப்புறம்?” என்றார்.

“அப்புறம் ஒண்ணுமில்ல.”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவி என் முன்னால் வைத்தார். “பனமலக்காரரு அன்னைக்கே சொன்னாரு. நீயா சொல்றியான்னு பாத்துனு இருந்தேன்.” பிறகு மற்றவர்களைப் பார்த்து, “கேட்டீங்க இல்ல, எவனும் கூப்புடக் கூடாது. மத்த நாள்ல இந்தப் பக்கம் நின்னு கூப்ட்டது நானுந்தான்” என்றார். உரக்கடைக்காரர் வழக்கம்போல முகத்தை அசைக்காமல் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் எங்கள் வீட்டு கேட்டில், உர மூட்டைக்கு அடியில் விரிக்கிற பழைய மெத்தென்ற கோணிகள் நான்கு மடித்து வைக்கப்பட்டிருந்தன. சாக்கு வியாபாரிக்கே சாக்கு. அதை வைத்துப் பரிகாசம் பண்ண அன்று எனக்கு வாய் வரவில்லை.

அம்மு என்று பெயர் வைத்தேன். தெருவுக்கு ஒரு அம்மு இருக்கிறது. அதில் கிண்டல் பண்ண ஒன்றும் இல்லை, அதற்காகவேதான். கடைவீதியில் ஏமாந்துபோனார்கள். “இத்தன நாளு யோசிச்சி அம்முவா?” என்றார் டீக்கடைக்காரர்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது அத்தை மடியில் வைத்துக் காதில் மூன்று தரம் சொல்வாள். எங்கள் வீட்டில் அத்தை வேலையும் எனக்கே வந்தது. மனைவிதான் அதற்குச் சட்டம் போட்டாள். “தூரத்துலேர்ந்து கூப்ட்டா அதுக்கு ஓடணும்னு தோணிடும். கிட்ட போயி உக்காருங்க, கை மேல வையுங்க, அப்புறம் சொல்லுங்க.” வீட்டில் எல்லோருக்கும் அதே சட்டம். சோறு வைக்கும்போது, கட்டு மாற்றும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பெயர். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது. சுவரைப் பிடித்து எழுந்திருப்பேன். அம்மு அதை அக்கறையோடு கவனிக்கும். எழுந்திருக்க முடியாத இன்னொரு பிராணி வீட்டில் இருப்பது அதற்கு ஆறுதலாக இருந்திருக்கலாம்.

முதல் பத்து நாள் அந்தப் பெயருக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை. பிறகு ஒருநாள் சொன்னபோது தாடையை என் பாதத்தின் மேல் வைத்தது. எழவில்லை. பெயரைக் கேட்டும் படுத்தே இருந்தது. அதற்கப்புறம் வெளியூர்க்காரர் ஒருவர், விஷயம் தெரியாமல், கேட்டில் நின்று பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் உள்ளேயிருந்து ஓடிவந்தேன். அம்மு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. தலையைத் திரும்பக் கீழே வைத்துக்கொண்டது.

புண் மூடியது. டாக்டரம்மா அளவெடுத்துக் கொடுக்க, வெல்டிங் பட்டறையில் வண்டி செய்து கட்டியாகிவிட்டது. இடுப்பைத் தாங்குகிற பட்டை என் கடைச் சரக்கு. “நாலடி தள்ளி நின்னு கூப்புடுங்க, வரும்” என்றார் டாக்டரம்மா. நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மனைவிதான் கூப்பிட்டாள், அம்மு உருண்டு போனது.

இப்போதும் தூரத்திலிருந்து கூப்பிடுவது அவள்தான். வாசல் முழுக்கச் சக்கரம் கடகடக்கிறது. நான் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, சுவரைப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையை மேலே வைத்துவிட்டு, அப்புறம்தான் சொல்கிறேன்.