துரு இல்லாத கார்

எங்கள் வீட்டு கராஜில் நானே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டத் தொடங்கியிருந்தேன். காரின் அடிச்சட்டமும் மேற்கூடும் பாகங்களாகப் பெட்டிகளில் வந்துவிட்டன. இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்ற வேண்டும். மிச்சம் பழைய இரும்புக்குப் போய்விடும். அதனால் துருப்பிடித்த, யாருக்கும் வேண்டாத காராகத் தேடினேன்.

மாதக்கணக்கில் தேடியும் பொருந்துகிற மாடல் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. விற்றவர் ‘த பேசின்’ என்ற புறநகரில் தனியாக இருந்த யாழ்ப்பாணத்து அங்கிள். பார்வை மங்கி லைசென்ஸ் போய்விட்டதாம். போய்ப் பார்த்தால் காரில் ஒரு கீறல்கூட இல்லை. நம்பர் பிளேட்டின் திருகாணிகள்கூடப் பளபளத்தன.

பிரிக்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கையை விடாமல் நின்றார்.

“கவனமா ஓடுவீங்கள்தானே, தம்பி?”

“ஆமா அங்கிள்” என்றுதான் வந்தது.

மூன்று வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். வேறு கார் எதுவும் அமையவில்லை. கடைசியில் பிரித்தேன். வெறும் கூட்டை ஒரு லாரி வந்து ஏற்றிப்போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார்.

“கார் எப்பிடி, தம்பி?”

எனக்கு எதிரே இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. “இன்ஜின் அருமையா இருக்கு, அங்கிள்.”

“ஒருக்கா கொண்டு வாங்கோவன். சும்மா ஏறி இருந்து பாக்கவேணும் போல கிடக்கு.”

உண்மையைச் சொல்ல அப்போதும் முடியவில்லை. “வர்றேன் அங்கிள்” என்றேன்.

“எப்ப எண்டு சொல்லுங்கோ. நான் வாசல்ல நிப்பன்” என்றார்.