ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் அண்ணனுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "சரி." சாப்பிடலாமா என்று கேட்டால் அதுதான் பதில். கால் வலிக்கிறதா என்று கேட்டாலும் அதேதான். அதனால், "வேனை வித்துருவோமாண்ணே?" என்று நான் கேட்டபோது அவர் சொன்ன "சரி"க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விற்காமல் வேறு வழியில்லை. நாற்பது வருடம் கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரைக்கு வந்தால் என் வீட்டு மாடியில்தான் இருப்பார். என் வீட்டுக்காரர் இறந்து, மகளும் பெங்களூர் போய்விட்ட பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சக்கர நாற்காலி மாடி ஏறாது. கீழே இருக்கும் பழைய குளியலறைக்குள்ளும் நுழையாது. அவருக்கென்று ஓர் அறையும் குளியலறையும் கட்ட வேண்டுமென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் வேன் நின்றது.

அது சாதாரண வேன் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பதி தரைவழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தது. உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. கூரையைத் தூக்கிவிட்டால் நிமிர்ந்து நிற்கலாம். கடற்கரையில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது கணவனுக்கு மஞ்சள் காமாலை வந்து, இரண்டு பேரும் வேனை விட்டுவிட்டு விமானத்தில் போய்விட்டார்கள். பிறகு அது ஏலத்துக்கு வந்தது. ஒரு லாட்ஜ்காரர் எடுத்து, தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்கொடி கட்டி வாடகைக்கு விட்டார். நிறம் மாறிக்கொண்டே இருந்தது. அவரிடமிருந்து ஒரு பேக்கரிக்காரர் வாங்கி, ஊர் ஊராக மக்ரூன் விற்றார். மூன்றாவதாக அண்ணன் வாங்கினார். அப்போதும் உள்ளே முந்திரியும் சீனியும் கலந்த வாசனை அடிக்கும். அண்ணன் அதற்கு மஞ்சளும் நீலமும் பூசினார். லீவில் வரும்போதெல்லாம் அதில் ஏறி மணப்பாடு, கன்னியாகுமரி, கொச்சி என்று போய்விடுவார். சுனாமி வந்த காலையில் கடற்கரைத் தெருவிலிருந்து மாப்பிள்ளையூரணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு எத்தனை நடை அடித்தாரோ தெரியாது. மூன்றாவது நடையில் அந்த மடக்குக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கடைசியாக வந்த டிசம்பர் வெள்ளத்தில் ஜன்னல் வரை தண்ணீர் நின்று, இன்ஜின் செத்தது. அடுத்த வருடம் அண்ணன் விழுந்தார்.

லீவுக்கு வந்திருந்த மருமகன் போட்டோ எடுத்து நெட்டில் போட்டான். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்கிறவர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேனுக்குள் ஏறினார். அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புடிச்சிருக்குங்க. பேப்பரெல்லாம் இருக்குங்களா?"

அண்ணனின் மாடி அலமாரியில் ஒரு நீல ஃபைல் இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொடுத்தேன். அவர் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தார்.

"ஏனுங்கம்மா, இதுல ஒரு லேடி பேரு இருக்குதுங்களே? உங்களுதுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். என் பெயர் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பெயர். முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.

நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கணக்கு, அவள் இங்கிலீஷ். நாசரேத் பக்கத்துப் பெண். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அண்ணன் லீவில் இருந்தால் வேனில் எங்கள் இரண்டு பேரையும் துறைமுகம் வரை கூட்டிக்கொண்டு போவார். முன் சீட்டில் நான் உட்கார்வது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். அவர்கள் வேறு சபை, வேறு சாதி. எங்கள் தெருவில் அப்படி ஒரு கல்யாணம் அதுவரை நடந்ததில்லை. அண்ணன் அப்போது கடலில் இருந்தார்.

"ஏளா, நீ கூட்டிட்டு வந்த பிள்ளைதான. நீயே சொல்லி அனுப்பு" என்றாள் அம்மா.

பள்ளிக்கூட மாடிப்படியில் நின்று நான் அவளிடம் சொன்னேன்: அண்ணனுக்குப் பெண் பார்த்தாயிற்று, அவரும் சம்மதித்துக் கடிதம் போட்டுவிட்டார் என்று. இரண்டுமே பொய். அடுத்த மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அண்ணன் திரும்பி வந்தபோது அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"இவங்க கையெழுத்து இல்லாம பேரு மாத்த முடியாதுங்க. போனுக்கு ஓடிபி வேற வரும். இருக்காங்களா, இல்லைங்களா?" என்று கேட்டார் கோயம்புத்தூர்க்காரர்.

எனக்குத் தெரியாது என்றேன். அண்ணனைப் பார்த்தேன். அவர் "சரி" என்றார்.

அன்று மதியம் அந்த ஃபைலை முழுக்கப் பார்த்தேன். அடியில் இரண்டு தபால் உறைகள் இருந்தன. பின்பக்கம் அனுப்புநர் முகவரி, புதுக்கோட்டை; தூரத்து மாவட்டத் தலைநகர் இல்லை, திருநெல்வேலி ரோட்டில் எங்கள் ஊரை அடுத்திருக்கும் சின்னப் புதுக்கோட்டை. அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை.

மறுநாள், பேர் மாற்றக் கோயம்புத்தூர்க்காரர் கொடுத்துவிட்டுப் போன பாரங்களை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறாள். கதவைத் திறந்தவள் முதலில் என் கையிலிருந்த ஃபைலைத்தான் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பழக்கம் போகாமல், "வாங்க டீச்சர்" என்றாள்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "இந்தத் தடவ பாரம் வரலையேன்னு நெனச்சேன். அவங்களுக்கு என்ன செய்யுது?"

"எந்தத் தடவ?"

"அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ வண்டியைப் புதுப்பிக்கணும்லா. பாரம் தபால்ல வரும். கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். கடுதாசி ஒண்ணும் இருக்காது, பாரம் மட்டுந்தான். போன வருசமே வந்திருக்கணும்."

அண்ணனின் நிலைமையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாரத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்க பேர்ல ஏன் வாங்குனாங்க?"

"நான் கடல்ல கெடப்பேன், கரையில பொறுப்பா ஒரு ஆள் வேணும்னாங்க. வண்டிக்குள்ள இருந்துதான் கையெழுத்துப் போட்டேன்."

நான் அதற்காகத்தான் வந்தவள்போல என் வாய் தானாகத் திறந்தது. "டீச்சர், அன்னைக்கு மாடிப்படில நான் சொன்னது..."

"பொய்யினு தெரியும். அந்த வருசமே அவங்க எழுதிட்டாங்க. வந்து கூட்டிக்கிடுதேன்னும் எழுதியிருந்தாங்க."

"பெறகு ஏன்..."

"பொண்ணு பாத்தாச்சுங்கிறதுதான் பொய். ஒங்க வீட்டுக்கு நான் வேண்டாம்ங்கிறது பொய்யில்லையே டீச்சர்." கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிழையைத் திருத்துகிற குரல். நான் கொண்டுபோயிருந்த மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் காபியோடு வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராம். மடியிலிருந்த பாரத்தைப் பார்த்து, "என்னத்துக்குக் கையெழுத்து?" என்றார்.

"எம் பேர்ல ஒரு வேன் இருந்திச்சு. இப்ப விக்குதோம்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ரெண்டாம் பக்கத்துலயும் போடணும், பாரு" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொடுத்தார். அவள் போட்டாள்.

அடுத்த வாரம் வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. கோயம்புத்தூர்க்காரர் போனில் எண்களைத் தட்டிக்கொண்டு நிற்க, நான் அவளைக் கூப்பிட்டேன். அவள் ஓடிபியை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். ஆறு எண்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் இரண்டடி தள்ளித்தான் இருந்தார். நான்காவது எண்ணில் அவர் இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. அது குரலுக்காகவா, சங்கிலி போட்டு வேனை இழுத்த சத்தத்துக்காகவா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? டயர்கள் மண்ணில் புதைந்து வர மறுத்தன. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பின்கதவு மூடவில்லை. கயிற்றால் கட்டினார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்தார். பிறகு நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

அறை கட்டி முடிந்தது. அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் வீட்டுக்காரரும் வந்தார்கள். பார்த்துவிட்டுப் போகிறோம் என்று போனில் கேட்டிருந்தாள். வர வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது. அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டேன். யார் வருகிறார்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். பேசியது அவள் வீட்டுக்காரர் மட்டும்தான். அவருடைய சர்க்கரை, கயத்தாறில் இருக்கும் ஒரு நல்ல வைத்தியர், புதுக் குளியலறைக்குப் போட்ட சொரசொரப்பான டைல். அண்ணன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை. தெரியாமலா, தெரிந்தா? அவள் மடியில் கை வைத்து, நேராக அண்ணனைப் பார்த்தபடி இருந்தாள். சற்று நேரத்தில் அண்ணன் கண் அயர்ந்துவிட்டார். நான் வாங்கி வைத்திருந்த கேக்கை யாரும் தொடவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். பஸ் வந்தது.

"டீச்சர், அவங்க வலது காலு செருப்பு நழுவுது. பின்னால வார் வச்சது வாங்குங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஒன்றரை வருடமாகக் குளிப்பாட்டி, உடுத்திவிடுகிறவள் நான். அதை நான் கவனித்ததே இல்லை.