அடிக்காத பெல்

காந்திபுரம் பிரவுசிங் சென்டரிலிருந்து நம் நர்சிங் பேட்ச் தோழிகள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஊரிலேயே தங்கிவிட்டவள் நான் ஒருத்திதானே.

போன வாரம் எங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் பெல் வைத்தார்கள். பட்டனை அமுக்கினால் எங்கள் மேசையில் விளக்கு எரிய வேண்டும். இத்தனை நாளில் ஒன்றுகூட எரியவில்லை. வயரிங் கோளாறு என்று எலக்ட்ரீஷியனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம், ஆபரேஷன் முடிந்த பவானிக்காரர் ஒருவர் மேசைக்கே நடந்து வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஏனுங்க அம்மணி, வலி தாங்க முடியலீங்க. அந்தப் பெல்லை அமுக்கலாமுங்களா?"

"அதுக்குத்தானுங்க வெச்சிருக்குது."

"நீங்க வேலையா இருப்பீங்க. கூப்பிட்டாத் தொந்தரவுங்களே."

அவரைப் படுக்க வைத்து ஊசி போட்டேன். பிறகு என் நர்சுகளிடம் சொன்னேன்: "நம்ம சனம் பெல் அடிக்காது கண்ணு. மணிக்கொருக்கா நாமளே போய்க் கேட்டுப்போடலாம்."

முதல் சுற்றிலேயே ஒரு அம்மா, காலையிலிருந்து தலையணைக்குக் காத்திருப்பதாகச் சொன்னார்.

டியூட்டி முடிந்து இங்கே வந்து மெயிலைத் திறந்தேன். யாரும் எழுதவில்லை. மஸ்கட்டிலும் ரியாத்திலும் நீங்கள் வேலையாக இருப்பீர்கள், தொந்தரவு எதற்கு என்று நானும் எழுதாமல்தான் இருந்தேன். ஹாஸ்டலில் என் பக்கத்தில், வெளிநாடு போன நம் மெர்சியின் கட்டில் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

நானும் இந்த ஊர்க்காரிதானுங்களே. மணிக்கொருமுறை வேண்டாம். மாதம் ஒருமுறையாவது நீங்களாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.